ஆளுயரக் கடிகாரங்களும் மதராஸ் நேரமும்

ஆளுயர மரப்பெட்டிக்குள் எடைக்கல்லும் ஊசலும் தொங்க, தலைப்பகுதியில் முகப்பு அமைந்த கடிகாரங்கள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் உருவாயின. டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656இல் ஊசலைக் கடிகாரத்தோடு இணைத்ததற்குப் பிறகு வந்தவை இவை. ஒரு வீச்சுக்கு ஒரு விநாடி என்று ஊசல் ஆடவேண்டுமானால் அதன் நீளம் ஏறக்குறைய 99 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அதற்குமேல் சக்கரங்களுக்கும் முகப்புக்கும், கீழே எடைக்கல் இறங்குவதற்கும் இடம் வேண்டும். பெட்டி ஆளுயரத்துக்கு வளர்ந்தது இந்தக் கணக்கால்தான். அலங்காரம் பின்னால் வந்து சேர்ந்தது.

இந்தக் கடிகாரக் குடும்பத்தில் இரண்டு கிளைகள் கடலோடு தொடர்புடையவை. ஒன்று, துறைமுக ஊர்களின் கடிகாரக்காரர்கள் செய்த ஓத முகப்புக் கடிகாரம். மற்றொன்று, வானாய்வகங்களுக்காகச் செய்த வானியல் கடிகாரம். முன்னது கடல்நீர் எப்போது ஏறும் என்று வீட்டுக்காரருக்குச் சொன்னது. பின்னது கப்பல் கடலில் எங்கே நிற்கிறது என்று மாலுமி அறிய உதவியது. தமிழ்க் கடற்கரையில் வேர் பிடித்தது இரண்டாவது கிளை.

ஓத முகப்பின் இயந்திரம் எளிமையானது. முகப்பின் மேல்வளைவில் இரண்டு நிலாக்கள் வரைந்த தட்டு ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் 118 பற்கள். 12 மணி நேரத்துக்கு ஒரு பல் வீதம் தட்டு நகர்ந்தால் முழுச் சுற்றுக்கு 59 நாள் ஆகும். அதாவது ஒரு நிலாவுக்கு 29½ நாள். இதுவரை செய்தால் அது பிறை காட்டும் கடிகாரம். ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 49 நிமிடம் தள்ளிப்போகிறது. நிலா உச்சிக்கு வருவதும் அதே அளவு தள்ளிப்போகிறது. ஆகவே அதே தட்டைச் சுற்றி இன்னொரு மணி வளையத்தை வரைந்து, அந்தந்தத் துறைமுகத்துக்கு உரிய இடைவெளியைக் கணக்கிட்டு எண்களைத் திருப்பி வைத்துவிட்டால் உயர் ஓதத்தின் நேரம் கிடைத்துவிடும். தட்டையும் சக்கரத்தையும் எங்கும் செய்யலாம். எண்களை எங்கே தொடங்குவது என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும். இந்த வேலையில் லண்டன் பட்டறைகளைவிட உள்ளூர்க் கடிகாரக்காரர்களுக்கு மதிப்பு இருந்ததற்குக் காரணம் அதுவே. பிரிஸ்டல் பகுதிக் கடிகாரங்கள் பலவற்றின் மேல்வளைவில் பிரிஸ்டல் துறையின் உயர் ஓத நேரம் இது என்னும் வாசகமே எழுதப்பட்டிருக்கும். கிங்ஸ் லின் நகரில் தாமஸ் டியூ என்ற கடிகாரக்காரர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித மார்கரெட் ஆலயக் கோபுரத்துக்கே ஓத முகப்பு ஒன்றைச் செய்து கொடுத்தார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த நாட்களில் ஓதம் சற்று முந்துவது, அரைநிலாவுக்கு அடுத்த நாட்களில் பிந்துவது போன்ற நுட்பங்களை இந்த முகப்புகள் கண்டுகொள்ளவில்லை. சராசரியைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். சேற்றில் தரைதட்டி நிற்கும் சரக்குக் கப்பலுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிரிஸ்டல் ஆற்றுமுகத்தில் பெரிய ஓதத்தின்போது நீர் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். லிவர்பூலில் அது 8 மீட்டரைத் தாண்டும். ஓதம் தவறினால் அங்கே கப்பல் துறைக்குள் நுழைய முடியாது. சோழமண்டலக் கடற்கரையின் நிலை வேறு. சென்னையில் பெரிய ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மேலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அங்கே துறைமுகம் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றன; பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையை மீறிப் போய் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. படகோட்டிக்குக் கவலை அலையும் காற்றும் நீரோட்டமும்தான். ஒரு மீட்டர் ஏற்றத்துக்காக வீட்டுக் கூடத்தில் பித்தளைத் தட்டு ஒன்றைச் சுழலவிட எந்த வணிகருக்கும் தேவை எழவில்லை.

நிலாவின் வயது வேண்டியவர்களுக்கோ அது ஏற்கெனவே கையில் இருந்தது. பஞ்சாங்கத்தின் முதல் அங்கமாகிய திதி, சூரியனிலிருந்து நிலா விலகிய கோணத்தை 12 பாகைக்கு ஒன்றாக அளப்பது. ஓத முகப்பின் தட்டு 29½ நாளில் சராசரியாகச் செய்யும் கணக்கை, பஞ்சாங்கம் நிலாவின் உண்மையான வேக மாற்றத்தையும் சேர்த்தே செய்கிறது. திதி சில நாள் நாழிகை கூடியும் குறைந்தும் வருவது அதனால்தான். கணக்கின் நுட்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பித்தளைத் தட்டைவிடப் பஞ்சாங்க ஏடு ஒருபடி மேல் என்றே சொல்லவேண்டும்.

இதை நேரில் கண்டு எழுதிய ஐரோப்பியர் ஜான் வாரன். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, 1805 முதல் 1811 வரை மதராஸ் வானாய்வகத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர். தென்னாட்டுக் காலக்கணக்கு முறைகளை விளக்கும் அவரது 'கால சங்கலிதா' 1825இல் மதராஸில் அச்சாயிற்று. அதே ஆண்டு மே மாத இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கும்படி புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரிடம் வாரன் கேட்டார். கணிதர் எழுதுகோலைத் தொடவில்லை. சோழிகளைத் தரையில் பரப்பிக் கூட்டியும் கழித்தும் கணக்கை ஓட்டினார். வேண்டிய அட்டவணை எண்களெல்லாம் சொற்களாகவும் அசைகளாகவும் அவரது மனப்பாடத்தில் இருந்தன. அவர் சொன்ன தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். கண்ணாடியும் கடிகாரமும் இல்லாமல், பல நூற்றாண்டுக்கு முந்தைய வாய்பாடுகளிலிருந்து வந்த விடை என்பதை நினைத்தால் இந்தப் பிழை பெரிதல்ல. ஆனால் கப்பலின் தீர்க்கரேகைக்கு 4 நிமிடப் பிழை என்பது கடலில் ஒரு பாகை, அதாவது 100 கிலோமீட்டருக்கு மேல். பஞ்சாங்கத்துக்குப் போதுமான நேரமும் கப்பலுக்கு வேண்டிய நேரமும் பிரிந்த இடம் இதுவே. அந்த இடத்தில்தான் வானியல் கடிகாரம் நுழைந்தது.

கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தன் வீட்டில் ஒரு வானாய்வகம் அமைத்தார். பின்னர் அதன் கருவிகளைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த கட்டடம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. அங்கே நாட்டப்பட்ட 10 டன் கருங்கல் தூணில் லத்தீன், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் கல்வெட்டு பொறித்தார்கள். வானிலை மைய வளாகத்தில் அத்தூண் இன்றும் நிற்கிறது. தொடக்கக் கருவிகளில் மூன்று அங்குலத் தொலைநோக்கிகள் இரண்டு, நட்சத்திரம் தென்வடல் கோட்டைக் கடப்பதைப் பார்க்கும் கருவி ஒன்று, வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் ஊசல் பூட்டிய வானியல் கடிகாரங்கள் இரண்டு இருந்தன.

மதராஸ் வானாய்வகத்தின் ஆளுயரக் கடிகாரங்களில் ஒன்று லண்டனைச் சேர்ந்த ஜான் ஷெல்டன் செய்தது. வெள்ளி கோள் சூரியனைக் கடந்த 1761, 1769ஆம் ஆண்டு நிகழ்வுகளை அளக்க உலகின் மூலைகளுக்கு அனுப்பப்பட்ட கடிகாரங்கள் பல ஷெல்டனின் கைவேலை. கேப்டன் குக் 1769இல் தாஹிட்டித் தீவுக்கு எடுத்துச் சென்றதும் அவர் செய்ததே. அக்கடிகாரத்தில் பிறை ஓவியமோ ஓத வளையமோ மணியோசையோ கிடையாது. நிமிடத்துக்கு ஒரு முள், விநாடிக்குத் தனியாக ஒரு சிறு வட்டம், மணிக்கு ஒரு சிறு திறப்பு, அவ்வளவே. அழகெல்லாம் ஊசலில் இருந்தது. இரும்புக் கம்பிகளையும் பித்தளைக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்று வெப்பத்தால் கீழ்நோக்கி நீளும்போது மற்றொன்று மேல்நோக்கி நீண்டு சரிக்கட்டும்படி செய்த சட்டக ஊசல் அது. இந்த ஏற்பாடு இல்லாத வெறும் எஃகு ஊசல், வெப்பம் ஒரு செல்சியஸ் பாகை கூடினால் நாளுக்கு அரை விநாடி பின்தங்கும். லண்டன் குளிரிலிருந்து மதராஸ் வெயிலுக்கு வந்த கடிகாரத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றை எந்தச் சட்டகமும் சரிசெய்யாது. பூமியின் ஈர்ப்பு நடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைகிறது. ஈர்ப்புக் குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். லண்டனில் துல்லியமாக ஓடிய ஊசல் கடிகாரம், அதே நீளத்தோடு மதராஸில் மாட்டப்பட்டால் நாளுக்கு ஏறக்குறைய 2 நிமிடம் பின்தங்கும். ஊசலின் அடியில் உள்ள திருகைச் சுற்றிக் குண்டைச் சற்று உயர்த்தினால்தான் விநாடி விநாடியாகும். வானாய்வாளர் ஜான் கோல்டிங்காம் 1821இல் ஈர்ப்பை அளக்கும் கேட்டர் வகை ஊசலை வைத்து மதராஸில் விநாடி ஊசலின் நீளத்தை அளந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். கடிகாரக்காரருக்குத் தொல்லையாக இருந்த இந்தப் பிழை பூமியின் வடிவத்தை அறிய உதவும் அளவீடாக மாறியது.

கடிகாரம் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் நேரத்தை அதுவே உண்டாக்குவதில்லை. ஒவ்வொரு தெளிந்த இரவும் வானத்தோடு ஒத்துப்பார்க்கப்பட்டது. தென்வடல் கோட்டில் மட்டும் மேலும் கீழும் அசையும் தொலைநோக்கியின் பார்வைப் புலத்தில் சிலந்தி இழை போன்ற மெல்லிய கம்பிகள் நிமிர்ந்து நிற்கும். பார்வையாளர் முதலில் கடிகார முகப்பைத் திரும்பிப் பார்த்து விநாடியை மனதில் வாங்கிக்கொள்வார். பிறகு கண் தொலைநோக்கியில், காது கடிகாரத்தில். டக், டக் என்ற ஓசையை எண்ணிக்கொண்டே, ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் இடையில் நட்சத்திரம் எந்த இடத்தில் இழையைத் தாண்டியது என்று பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட்டு எழுதுவார். ஒவ்வோர் இழைக்கும் இப்படி ஒரு குறிப்பு, கடைசியில் சராசரி. நட்சத்திரம் கடக்கவேண்டிய நேரம் அட்டவணையில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கடிகாரத்தின் பிழை. கடிகாரத்தைத் தொட்டுத் திருத்தமாட்டார்கள். பிழையை ஏட்டில் எழுதி வைத்துக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். முன்னோக்கி ஓடினாலும் பின்தங்கினாலும் பரவாயில்லை, நாளுக்கு நாள் ஒரே அளவில் ஓடவேண்டும் என்பதே நல்ல கடிகாரத்துக்கு இலக்கணம்.

இந்த வேலையில் தேர்ந்தவர்களில் ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1861 முதல் 1891 வரை வானாய்வகத்தை நடத்திய நார்மன் போக்சனின் முதல் உதவியாளர் அவர். நட்சத்திரங்களின் இடத்தை இரவுதோறும் அளந்துவந்த அவர் 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். 1874இன் வெள்ளி கடப்பு பற்றி இந்திய மொழிகளில் மக்களுக்கு நூல் எழுதினார். பஞ்சாங்கத்தைப் புதிய கணக்கால் திருத்தவேண்டும் என்றும் வாதாடினார். வாரன் காலத்தில் பிரிந்து நின்ற பஞ்சாங்கக் கணக்கும் வானாய்வகக் கணக்கும் ஒரே ஆளிடம் சந்தித்தது ரகுநாதாச்சாரியிடம்தான்.

கடிகாரத்தின் முதல் பெரும் பயன் தீர்க்கரேகை. வியாழனின் நிலாக்கள் அதன் நிழலில் மறையும் நேரத்தை மதராஸ் கடிகாரத்தில் குறித்து, கிரீன்விச் நேரத்தோடு கழித்தால் இரு இடங்களுக்கும் உள்ள தூரம் நேரமாகக் கிடைக்கும். 1802இல் கோல்டிங்காம் கணக்கில் மதராஸின் தீர்க்கரேகை 80 பாகை 18½ கலை. நேரத்தில் 5 மணி 21 நிமிடம் 14 விநாடி. பின்னர் வாரன் அதை 80 பாகை 17 கலை 21 விகலை என்று திருத்தினார். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண நில அளவை, இந்தியா முழுவதன் தீர்க்கரேகைகளையும் மதராஸ் வானாய்வகத்திலிருந்தே எண்ணியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தந்தி வழியாக அளந்து பார்த்தபோது அடிப்படை எண்ணில் 2 கலை 27 விகலை மிகுதி என்று தெரிந்தது. கடிகாரத்தில் அது 10 விநாடி. நிலத்தில் ஏறத்தாழ 4½ கிலோமீட்டர். ஊர்களும் மலைகளும் ஒன்றுக்கொன்று சரியான தூரத்தில்தான் வரையப்பட்டிருந்தன. நாடு முழுவதும் ஒட்டுமொத்தமாகக் கிழக்கே நகர்ந்திருந்தது. பழைய நில அளவைப் படங்களின் விளிம்பில் இந்தத் திருத்தம் குறிப்பாக அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம்.

கோல்டிங்காமின் இன்னொரு சோதனை ஊருக்கே கேட்டது. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடித்த பீரங்கிகளின் மின்னலுக்கும் ஓசைக்கும் உள்ள இடைவெளியை 1820, 1821ஆம் ஆண்டுகளில் நுங்கம்பாக்கத்திலிருந்து அளந்தார். கோட்டை சுமார் 4 கிலோமீட்டர், மலை சுமார் 9 கிலோமீட்டர். மலையின் ஓசை வந்து சேர 26 விநாடி பிடிக்கும். வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றுக்கேற்ப ஒலியின் வேகம் மாறுவதை அவரது அட்டவணைகள் காட்டின.

பின்னாளில் பீரங்கியே நேரம் சொல்லத் தொடங்கியது. வானாய்வகத்திலிருந்து வரும் குறிப்பின்படி கோட்டையில் நேரப் பீரங்கி வெடித்தது. கடலில் நங்கூரமிட்ட கப்பல்கள் குரோனோமீட்டர் என்னும் தங்கள் கப்பல் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொண்டன. தந்திக் கம்பி வந்தபின் மதராஸ் நேரம் ஊரைத் தாண்டிச் சென்றது. பம்பாய் நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் ஒரு மணி நேர வேறுபாடு. மதராஸ் நேரம் ஏறக்குறைய நடுவில் விழுந்தது. வானத்தைப் பார்த்து நேரம் தரும் ஆய்வகமும் அங்கே இருந்தது. ஆகவே 1870 முதல் இந்திய ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. 1906 ஜனவரி 1 அன்று 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம் இந்தியப் பொது நேரமானபோது மதராஸ்காரர்கள் கடிகாரத்தை ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளவேண்டியிருந்தது.

கடிகார வணிகம் அண்ணாசாலையை ஒட்டி வளர்ந்தது. 1849இல் தொடங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ் அதில் தலைமையான பெயர். முகப்பில் மதராஸ் கடையின் பெயரும் உள்ளே இங்கிலாந்து இயந்திரமும் கொண்ட கடிகாரங்கள் அந்நாளில் வழக்கம். இங்கிலாந்தின் சிற்றூர்க் கடிகாரங்களிலும் முகப்பில் கையெழுத்திட்டவரே எல்லாச் சக்கரத்தையும் வெட்டினார் என்று கொள்ளமுடியாது. உள்ளூரிலேயே கோபுரக் கடிகாரம் செய்து நிறுத்தும் தொழில் 20ஆம் நூற்றாண்டில் கனி அண்ட் சன்ஸ் போன்றவர்களால் வந்தது. ராயப்பேட்டை மணிக்கூண்டு அவர்களது வேலை.

ஓதத்துக்கான கணக்கும் தமிழகக் கரைக்கு வராமல் போகவில்லை. கடிகாரப் பெட்டிக்குள் அது வரவில்லை, அவ்வளவுதான். புனித ஆண்ட்ரூ ஆலயத்தைக் கட்டிய பொறியாளர் தாமஸ் டி ஹாவிலண்ட் 1821இல் ஆறு மாதம் மதராஸ் கடலின் மட்டத்தை அளந்து சராசரி கண்டார். 1870களில் இந்திய நில அளவைத் துறை துறைமுகங்களில் ஓதமானிகளை நிறுவத் தொடங்கியது. பாம்பன், நாகப்பட்டினம், மதராஸ், தூத்துக்குடி ஆகியவை அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அங்கே கடிகாரம் செய்த வேலை உருளை ஒன்றைச் சீராகச் சுழற்றுவது. மிதவை ஏறி இறங்க, உருளைத் தாளில் கோடு விழும். அந்தக் கோடுகளைப் பிரித்து ஓதத்தின் உறுப்புகளைக் கண்டபின், அடுத்த ஆண்டுக்கான ஓதத்தை முன்கூட்டிச் சொல்ல 1879இல் எட்வர்ட் ராபர்ட்ஸ் இந்திய அரசுக்காக ஓர் இயந்திரம் உருவாக்கினார். தொடக்கத்தில் 20 உறுப்புகளையும் பின்னர் 24 உறுப்புகளையும் கப்பிகளாலும் ஒரே கம்பியாலும் கூட்டித் தரும் இயந்திரம் அது. லண்டனில் ஓடிய அந்த இயந்திரம் 1921இல் டேராடூன் வந்தது. பிரிஸ்டல் கடிகாரத்தின் தட்டு அறிந்தது நிலாவின் சராசரி ஓட்டம் ஒன்றைத்தான். ராபர்ட்ஸின் இயந்திரம் சூரியனையும், நிலா நெருங்குவதையும் விலகுவதையும், அது வடக்கே தெற்கே சாய்வதையும் தனித்தனிச் சக்கரமாக்கிக் கூட்டியது. அட்டவணை அச்சில் கிடைத்தபின் ஓத முகப்புக்கு இங்கிலாந்திலும் வேலை குறைந்து அது கூடத்து அலங்காரமாயிற்று.

1876–78 பஞ்சத்துக்குப் பின், சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய மலைமேல் சூரிய ஆய்வகம் வேண்டும் என்ற கருத்து வலுத்தது. 1899இல் மதராஸின் வானியல் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின. நேரம் தரும் வேலை மட்டும் 1931 வரை நுங்கம்பாக்கத்தில் நீடித்தது. ஷெல்டன் கடிகாரமும் மலையேறியது. சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மேலும் குறைவு. கணக்குப்படி மதராஸில் திருத்திய ஊசல் அங்கே நாளுக்கு 20 முதல் 30 விநாடி பின்தங்கும். மீண்டும் திருகு, மீண்டும் நட்சத்திரம். செய்து 200 ஆண்டுகளைத் தாண்டியும் அது கொடைக்கானலில் ஓடியது.

கொடைக்கானலில் இரவு வானத்துக்கு மேகம் தடையாக இருந்தது. வானியலாளர் வேணு பாப்பு 1960களில் தேடித் தேர்ந்த இடம் ஜவ்வாது மலையின் காவலூர். அது சுமார் 725 மீட்டர் உயரத்தில், பெருநகர வெளிச்சத்துக்கு எட்டாத காட்டுப்பகுதி. சென்னைக்கு மேற்கே ஏறக்குறைய 1½ பாகை தள்ளி இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சென்னையைவிட 6 நிமிடம் பிந்தியும், இந்தியப் பொது நேரத்தின் கோட்டைவிடச் சுமார் 15 நிமிடம் பிந்தியும் நிகழும். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, 1972இல் ஜெனா நகர் கார்ல் சைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1986இல் இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி என்று காவலூர் வளர்ந்தது.

காதால் டக்கை எண்ணும் காலம் அதற்குள் முடிந்திருந்தது. ஒளியை மின்னோட்டமாக மாற்றும் கருவியும் குவார்ட்ஸ் கடிகாரமும் அந்த இடத்துக்கு வந்திருந்தன. அளக்கும் பொருள் மட்டும் மாறவில்லை: ஒரு நட்சத்திரம் எந்த விநாடியில் எங்கே இருந்தது என்பதே. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கி நட்சத்திரத்தின் ஒளியைத் தொடர்ந்து பதிந்துகொண்டிருந்தது. கோள் நெருங்குவதற்கு முன்பே ஒளி சில விநாடி மங்கி மீண்டது. வேறு இடங்களிலும், வானில் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலும் இப்படியே பதிவாகிய மங்கல்களின் நேரங்களை ஒப்பிட்டபோது, யுரேனஸைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருப்பது தெரியவந்தது.